போன் அடித்தால் மட்டும் போதாது... ஏரேட்டரும் ஓட வேண்டும்!

இறால் குளத்துக்கு எமன் வருவது பெரும்பாலும் பின்னிரவில்தான். பகலில் பாசி உண்டாக்கிய ஆக்சிஜனை, இரவு முழுக்க இறாலும் பாசியும் அடிச்சேற்றின் பாக்டீரியாவும் சேர்ந்து தீர்த்துவிடும். விடிவதற்கு முன்பு அளவு அடிமட்டத்தில் இருக்கும். அந்த நேரம் பார்த்து ஏரேட்டர் நின்றால், நூறு நாள் உழைப்பு காலையில் செத்துக் கரை ஒதுங்கிக் கிடக்கும்.

தூத்துக்குடிக்கு வடக்கே தருவைகுளம், வேப்பலோடை கடலோரத்தில் (1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்து எடுத்துக்காட்டிய அதே வேப்பலோடைதான்) இறால் வளர்ப்பவர்களுக்கு இந்தப் பயம் புதிதல்ல. இப்போது குளத்தில் சென்சார், கரையில் சிம் கார்டு போட்ட பெட்டி என்று கருவிகள் வந்துவிட்டன. ஆக்சிஜன் குறைந்தால் போனுக்குத் தகவல் வரும். ஆனால், ராத்திரி 3 மணிக்கு அதைப் பார்க்க ஆள் விழித்திருக்க வேண்டுமே! அதனால்தான் பெட்டிக்குள் இருக்கும் ரிலேவுக்கும் வேலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சின்ன சுவிட்ச். ஏரேட்டர் மோட்டாரின் கரன்டை அது தாங்காது. நடுவில் கான்டாக்டர் அவசியம்.

செட்டிங்கில் ஒரே எண்ணைக் கொடுப்பதுதான் முதல் தவறு. லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கூடுதல் ஏரேட்டர் ஓட வேண்டும், 5-ஐத் தாண்டினால் நிற்க வேண்டும் என்று இரண்டு எண்கள் வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் மோட்டார் நின்று நின்று ஓடி, காயில் கருகிவிடும். அளவு குறைந்து 2 நிமிடம் நீடித்தால் மட்டும் ரிலே இழுக்கும்படி தாமதமும் வையுங்கள். சென்சாரில் காற்றுக்குமிழி ஒட்டினாலும் அளவு தவறும். எல்லா ஏரேட்டரையும் ஒரே நொடியில் கிளப்பாமல் 10 விநாடி இடைவெளி விடுவதும் நல்லது.

கரன்ட் போனால் கத்தும் சைரன்

ஆக்சிஜன் குறைவதைவிட அடிக்கடி நடப்பது மின்தடை. சைரனும் அதே மின்சாரத்தில் ஓடினால், ஏரேட்டரோடு சேர்ந்து அதுவும் ஊமையாகிவிடும். இதற்குச் சில நூறு ரூபாயில் வழி இருக்கிறது. 230 வோல்ட் ரிலே ஒன்றை மெயின் லைனில் மாட்டி, 12 வோல்ட் பேட்டரியையும் சைரனையும் அதன் என்.சி. முனை வழியாக இணைக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்வரை ரிலே இழுத்துப் பிடித்திருக்கும், சைரன் பேசாது. மின்சாரம் போன நொடியில் ரிலே விட்டுவிடும், பேட்டரியில் சைரன் அலறும். ரிலேவுக்குப் போகும் ஒயர் அறுந்தாலும் அலறும். என்.ஓ. முனையில் மாட்டினால் கதை தலைகீழ்! மூன்று பேஸுக்கும் மூன்று ரிலே வேண்டும். ஒரு பேஸ் போனாலே மோட்டார் கெட்டுவிடும். இந்த இணைப்பை எலெக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரிலே 'ஆன்' என்று போனில் வந்தால், உத்தரவு போனது என்றுதான் அர்த்தம். சக்கரம் சுற்றுகிறது என்று அர்த்தமல்ல. மோட்டார் ஒயரில் கரன்ட் சென்சார் மாட்டினால் அதுவும் தெரிந்துவிடும்.

உப்புக்காற்றில் செம்பு முனைகள் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். பெட்டியை இறுக்கமாக மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை சென்சாரைத் துடைத்துவிட்டு, பகலிலேயே மெயின் சுவிட்சை இறக்கிப் பாருங்கள். சைரன் கத்தவில்லை என்றால் முதலில் பேட்டரியைச் சோதியுங்கள்.