கச்சான் வீசும் பக்கம்

ஏப்ரல் கடைசியில் கேகாலைப் பக்கத்துப் புளத்கொகுபிட்டியவில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கும். பிற்பகலில் வானம் கறுத்து இடி இறங்கும். மாதக்கணக்காக வீதியிலேயே வாழும் பயணி ஒருவர் அந்த நேரத்தில் இங்கே வந்து நின்றால், அடுத்த நான்கைந்து மாதத்துக்கு எந்தப் பக்கம் போவது என்று யோசிக்காமல் இருக்க முடியாது. இலங்கையில் கோடையைச் சொல்ல நாட்காட்டி போதாது. மலைக்கு எந்தப் புறம் நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

மே மாதம் வரும் தென்மேற்குப் பருவக்காற்று செப்டம்பர் வரை நிற்கும். கடல் ஈரத்தைச் சுமந்து வரும் அது, கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவுகளில் முட்டி மேலேறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடுகிறது. மலை தாண்டி மறுபுறம் இறங்கும்போது ஈரம் போய்ச் சூடேறியிருக்கும். மட்டக்களப்பார் அதைக் கச்சான் என்பார்கள், யாழ்ப்பாணத்தில் சோளகம். இங்கே குடை பிடிக்க வைக்கும் காற்று அங்கே அனலாக வீசுகிறது.

ஆகவே கிழக்கே போங்கள் என்பேன். கரவனெல்லச் சந்தியில் இடப்பக்கம் திரும்பி, யட்டியாந்தோட்டை, கித்துல்கல, ஹட்டன், நுவரெலியா, வெலிமடை என்று ஏறி இறங்கினால் வெல்லவாய. அங்கிருந்து மொனராகலை வழியாகப் பொத்துவில். அறுகம்பையில் அலைச்சறுக்குக் காலமும் அந்த மாதங்கள்தான்.

இந்த வழக்கம் நமக்குப் பழையது. தொண்டைமானாறு செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில் என்று இந்தக் காலத்தில்தான் கிழக்குக் கரையோரம் நடக்கிறார்கள். உகந்தை முருகனைக் கும்பிட்டு, குமண, யால காடுகளைக் கடந்து, ஆடி விழாவுக்குப் போய்ச் சேர்வார்கள். கச்சானில் உதடு வெடிக்கும். ஆனாலும் காய்ந்த மண்ணில் இரவு துணி விரித்துப் படுக்கலாம். நடந்து போகிறவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

காற்றின் சொல்லைக் கேட்காமல் எந்தப் பயணியும் போனதில்லை. 1344இல் மாலைதீவிலிருந்து தமிழகக் கரைக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவைக் காற்றுத்தான் இலங்கைப் பக்கம் தள்ளியது. புத்தளத்தில் இறங்கியவர் யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியிடம் கேட்ட உதவி ஒன்றே: சிவனொளிபாத மலைக்கு வழி. அந்தப் பாதையில் அட்டை கடிப்பதையும், எலுமிச்சம்பழம் பிழிந்து அதை விழ வைப்பதையும் எழுதி வைத்திருக்கிறார். சப்ரகமுவையில் ஒரு மழைநாள் நடந்தவர் எவரும் அதை நம்புவார்.

ஆனால் இங்கேயே இருப்பவர்களுக்கு அந்த மழை வேறு. ரப்பர் மரப்பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்ட முடியாது. அன்றைய பேர், அதாவது நாட்கூலி, கேள்விக்குறி. 2016 மே 17 அன்று, அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த அதே நாளில், புளத்கொகுபிட்டிய களுபான தோட்டத்திலும் மண் சரிந்து தொழிலாளர் லயத்தை மூடியது. உறங்க வேறு இடமில்லாத குடும்பங்கள் அவை. ஒவ்வொரு மே மாதமும் இரவு மழை வலுத்தால் மலையடி லயங்களில் தூக்கம் வராது. பாதுகாப்பான நிலத்தில் வீடு என்பது அவர்களுடைய நியாயமான கோரிக்கை; அதைத் தள்ளிப்போட எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

கிழக்குக்குப் போனவர் வடகீழ்ப் பருவமழை அங்கே பிடித்த பிறகு, பெப்ரவரியில் இங்கே திரும்பட்டும். சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம் அப்போது நடந்துகொண்டிருக்கும். ரப்பர் இலைகள் உதிர்ந்து, தோட்டத்துப் பாதையெல்லாம் காலடியில் சரசரக்கும்.