யோகட் கோப்பையில் ஒரு பவள் வண்டி

வன்னியில் வாழ்ந்த சகோதரிகளுக்கு 'பவள்' என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. உயர்ந்த சில்லுகள், திறந்த மேற்பகுதி, இரும்புச் சுவருக்கு மேலே துப்பாக்கிகளோடு தெரியும் தலைகள். சத்தத்தை வைத்தே பவள் வருகிறது என்று கண்டுபிடித்தவர்கள் உங்களில் பலர்.

அந்த வண்டி தென்னாபிரிக்காவில் 1970களின் பிற்பகுதியில் கண்ணிவெடிக்குத் தப்புவதற்காக உருவாக்கப்பட்டது. யுனிமொக் என்ற ஜேர்மன் லொறியின் அடிச்சட்டத்தின் மேல் இரும்புக் கூட்டை வைத்தார்கள். கூட்டின் அடிப்பகுதி படகின் அடிபோலக் கூராக இருப்பதால் வெடியின் வேகம் நேரே மேலெழாமல் இரு பக்கமும் சிதறிவிடும். ஆபிரிக்கான்ஸ் மொழியில் எருமைக்குள்ள பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்தப் பெயர்தான் நம்மவர் வாயில் பவள் ஆயிற்று. 1980களில் இலங்கை இராணுவம் அதை வாங்கியது. பிறகு அதே மாதிரியில் யுனிக்கோன், யுனிபவள் என்று இங்கேயே செய்தார்கள்.

நான் இங்கு எழுத வந்தது பதினான்கு சென்றிமீற்றர் நீளமான ஒரு பவளைப் பற்றி. அதைச் செய்தவன் கண்டியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத் தொலைவிலுள்ள தோட்டமொன்றில், சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த ஒரு பையன். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியுள்ளேன்.)

அவனுடைய தாயின் பெற்றோர் 1977 வன்செயலின் பின் மலைநாட்டை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனவர்கள். தாய் அங்கேயே பிறந்து, அங்கேயே திருமணம் முடித்தார். 2009 மே மாதம் வட்டுவாகலைக் கடந்து வந்தபோது கணவரைத் தனியே கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு எந்தத் தகவலும் இல்லை. அப்போது இந்தப் பையன் கைக்குழந்தை. மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்ததும் தாய் மாமியின் லயத்துக்கே வந்து சேர்ந்தார்.

"மிஸ், இந்த வண்டி எங்க வீட்டுல வேணாம். நீங்க சொன்னா கேப்பான். தூக்கி எறிய சொல்லுங்க" என்றுதான் என்னை அழைத்தார்.

அவருக்கு இரண்டு பயங்கள். ஒன்று, அந்த உருவத்தைக் கண்டாலே நெஞ்சு படபடக்கிறது. மற்றது, யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்பது. தமிழ்ப் பையன், தகப்பன் காணாமற்போனவர், வீட்டில் இராணுவ வண்டி! இதை வீண் பயமென்று நான் தள்ளிவிடவில்லை. 1998 ஜனவரி 25 அன்று தலதா மாளிகை வாசலில் வெடிமருந்து லொறி வெடித்த பிறகு, கண்டியில் தமிழ்ப் பெயரோடு அடையாள அட்டை வைத்திருப்பது எப்படியிருந்தது என்பது எங்கள் வீட்டாருக்கும் தெரியும்.

பையனோடு பேசுவதற்கு முன் அவன் செய்ததைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அசந்துபோனேன். கட்டுகஸ்தோட்டையில் மணிக்கூடு திருத்தும் சிங்களப் பெரியவர் ஒருவருக்கு பிளாஸ்டிக் மாதிரி வாகனங்கள் ஒட்டுவது பொழுதுபோக்கு. பெட்டியில் வரும் துண்டுகளை ஒட்டி முடித்ததும் சில எப்போதும் மிஞ்சும். அப்படி மிஞ்சியவற்றை ஒரு பிஸ்கட் டின் நிறைய இவனுக்குக் கொடுத்திருக்கிறார். தாங்கியின் கொக்கிகள், ஜீப்பின் விளக்குகள், உடைந்த லொறி ஒன்றின் சில்லுகள் எல்லாம் அதில் இருந்தன. வெவ்வேறு பெட்டிகளின் உதிரிகளைச் சேர்த்து, எந்தப் பெட்டியிலும் வராத ஒன்றைச் செய்வது உலகெங்கும் உள்ள வேலைதான். 1977 இல் வெளிவந்த 'ஸ்டார் வோர்ஸ்' படத்தின் விண்கப்பல்களில்கூட கடையில் வாங்கிய தாங்கி மாதிரிகளின் துண்டுகளை ஒட்டியிருந்தார்கள்.

அளவு முப்பத்தைந்தில் ஒன்று. ஜப்பானின் தமியா கம்பனி 1960களின் தொடக்கத்தில், மோட்டாரும் பற்றரியும் உள்ளே அடங்கவேண்டும் என்பதற்காகத் தெரிந்தெடுத்த அளவு அது. அதுவே பிறகு வழக்கமாகிவிட்டது. ஐந்து மீற்றர் வண்டி பதினான்கு சென்றிமீற்றராகும். என் உயரமுள்ள ஒரு பெண் அதன் பக்கத்தில் நின்றால் நாலரைச் சென்றிமீற்றர்தான் இருப்பாள்.

இரும்புக் கூட்டுக்கு ஏற்ற துண்டு டின்னில் இருக்கவில்லை. யோகட் கோப்பைகளை வெட்டிச் செய்திருக்கிறான். மாதிரிப் பெட்டிகளில் வரும் பிளாஸ்டிக்கும் பல யோகட் கோப்பைகளும் ஒரே இனமாம், அதனால் அதே பசை இரண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிடும் என்றான். புகைக்குழாய் தீர்ந்துபோன போல்பொயின்ட் பேனையின் குச்சி. கைபிடிகள் பியூஸ் கம்பி. சில்லுகள்தான் பெரிய தொல்லை. பவளின் சில்லு ஒரு மீற்றருக்கு மேல் உயரமானது, ஆகவே மாதிரியில் மூன்று சென்றிமீற்றருக்கு மேல் வரவேண்டும். டின்னில் இருந்தவை சிறியவை. பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி அவற்றின் மேல் சுற்றி உயர்த்தியிருந்தான். பசை மணம் அறையை நிறைத்திருந்தது. யன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்யவேண்டும் என்று அவனுக்குச் சொன்னேன். சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

"தம்பி, கார், லொறி எல்லாம் இருக்க ஏன் இதைச் செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"அப்பாவ இதுலதான் ஏத்திட்டு போனாங்கன்னு பாட்டி சொன்னாங்க மிஸ். உள்ள எப்படி இருக்கும்னு பாக்கணும்" என்றான்.

உள்ளே ஐந்து ஐந்தாகப் பத்து ஆசனங்கள் இருந்தன. பவளில் அவை முதுகோடு முதுகாக, வெளியே பார்த்தபடி இருக்கும். ஒவ்வொன்றையும் தீக்குச்சித் தலையளவு துண்டுகளால் செய்திருந்தான். தகப்பன் எந்த ஆசனத்தில் இருந்திருப்பார் என்று அவன் யோசித்திருக்கிறான் என்பது அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது.

தாய் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இதுல இல்லப்பா. அப்பாவ பஸ்லதான் ஏத்தினாங்க. பவள் பக்கத்துல நின்னுச்சு. பாட்டி அதத்தான் பாத்திருக்காங்க" என்றார்.

அன்று ஒன்றரை மணி நேரம் பேசினார். பஸ்ஸின் நிறம், யன்னல் வழியே கணவர் காட்டிய சைகை, அதே பஸ்ஸில் ஏற்றப்பட்ட வேறு இருவரின் ஊர். இவை ஒன்றையும் மகன் அதுவரை கேட்டதில்லை. அவர் சொல்லவுமில்லை. சொன்னால் பிள்ளை மனமுடைந்துவிடுவான் என்று தாயும், கேட்டால் அம்மா அழுவார் என்று மகனும் இருந்திருக்கிறார்கள். இப்படி எத்தனை வீடுகள்!

பிள்ளைகள் கையால் எதையாவது செய்யும்போது வாய் திறக்கிறது என்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் களிமண், வர்ணம், நாடகம் என்று போர்ச்சூழலில் வாழ்ந்த பிள்ளைகளுடன் வேலை செய்தார்கள். ஆனாலும் எல்லாப் பிள்ளைகளையும் இராணுவ வண்டி செய்யவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதைக் கண்டு ஒரு தாய்க்கு மூச்சு அடைக்குமானால் அவளுடைய மூச்சுத்தான் முக்கியம். இந்த வீட்டில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். வண்டி வெளியே போகாது, படம் எடுத்துப் போனில் போடுவதில்லை, வேலை முடிந்ததும் பெட்டிக்குள் வைத்து மூடவேண்டும்.

ஆனையிறவில் ஏ9 வீதியோரம் நிறுத்தியிருக்கும் புல்டோசரையும் அவன் செய்ய நினைத்திருந்தான். அதுவும் உதிரிகளால் உருவான வண்டிதான். சாதாரண புல்டோசருக்கு இரும்புத் தகடுகள் ஒட்டி, 1991 ஜூலையில் புலிகள் முகாமைத் தாக்கக் கொண்டுவந்தார்கள். அதைத் தடுக்க ஏறி உயிரிழந்த கோப்ரல் காமினி குலரத்னவை ஹசலக்க காமினி என்றே எல்லோரும் சொல்வார்கள். ஹசலக்க நம் கண்டி மாவட்டம்தான். அந்த ஊரிலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இருக்கிறார்கள். இதைச் சொன்னதும் தாய், "அதெல்லாம் போதும், அத செய்ய வேணாம்" என்றார். பையனும் விட்டுவிட்டான்.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. காணாமற்போனோர் அலுவலகத்துக்குக் கொடுத்த பழைய விபரத்தின் பிரதியை எடுத்துப் பார்த்தோம். 'கொண்டுசெல்லப்பட்ட விதம்' என்ற இடத்தில் 'இராணுவ வாகனம்' என்று மட்டும் இருந்தது. அவர் அழுதுகொண்டு சொன்னதை யாரோ சுருக்கி எழுதியிருக்கிறார்கள். திருத்திக் கடிதம் எழுதினோம். பஸ், அதன் நிறம், நேரம், எந்தப் பக்கமாகத் திரும்பியது, கூட ஏற்றப்பட்டவர்களின் ஊர்கள் எல்லாவற்றையும் சேர்த்தோம். உங்களிடமும் இப்படிப் பிரதிகள் இருந்தால் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். விடுபட்டதை எழுதி, பழைய இலக்கத்தைக் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை மகன்தான் தன் கையெழுத்தில் எழுதினான். கிடைத்தது என்று பதில் வந்திருக்கிறது. அதற்கு மேல் இன்னும் எதுவும் வரவில்லை.