எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனக் கையகப்படுத்தல்கள்

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த நிகழ்பட ஆட்ட நிறுவனம் ஆகும். ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய டிரிப் ஹாக்கின்ஸ் 1982 இல் இதனைத் தொடங்கினார். முதலில் பிறர் உருவாக்கிய ஆட்டங்களை வெளியிட்டு வந்த இந்நிறுவனம், பின்னர் ஆட்டங்களை உருவாக்கும் நிறுவனங்களையே விலைக்கு வாங்கி வளர்ந்தது.

1991 இல் கனடாவின் டிஸ்டிங்டிவ் சாஃப்ட்வேர் வாங்கப்பட்டு, ஈஏ கனடா ஆனது. ஆரிஜின் (1992), புல்ஃபிராக் (1995), மாக்சிஸ் (1997), வெஸ்ட்வுட் (1998) ஆகியவை தொடர்ந்தன. இவற்றுள் பெரும்பயன் தந்தது மாக்சிஸ் எனலாம். சிம்சிட்டியை வடிவமைத்த வில் ரைட்டின் த சிம்ஸ் ஆட்டம் 2000 இல் வெளியாகி, இரண்டே ஆண்டுகளில் அதுவரை மிகுதியாக விற்ற கணினி ஆட்டமான மிஸ்டை விஞ்சியது.

வாங்கப்பட்ட எல்லா நிறுவனங்களும் நிலைக்கவில்லை. புல்ஃபிராக் 2001 இலும், வெஸ்ட்வுட் 2003 இலும், ஆரிஜின் 2004 இலும் மூடப்பட்டன. 2008 இல் பயோவேருடன் சேர்த்து வாங்கப்பட்ட பாண்டமிக் மறு ஆண்டே மூடப்பட்டது.

இத்தகைய விற்பனையில் ஆட்டத்தின் பெயரும் உரிமையும் வாங்குபவருக்குச் சென்றுவிடும். ஆனால் உருவாக்கியவர்கள் விலகிச் செல்லலாம். வெஸ்ட்வுட்டின் புகழ்பெற்ற ஆட்டமான கமாண்ட் அண்ட் காங்கர் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வசமே இருந்தது. வெஸ்ட்வுட்டின் முன்னாள் ஊழியர்கள் சிலர் 2003 இல் பெட்ரோகிளிஃப் என்னும் தனி நிறுவனத்தைத் தொடங்கினர். 2020 இல் அவ்வாட்டத்தின் புதுப்பித்த பதிப்பை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டபோது, அப்பணி பெட்ரோகிளிஃபிடமே ஒப்படைக்கப்பட்டது.