கணினியின் பெயரை எந்தக் கோப்பில் எழுதுவது?

மாணவர்களே, உங்கள் கைப்பேசிக்கு ஒரு பெயர் உண்டு. அதை மாற்ற ‘அமைப்புகள்’ பகுதிக்குச் சென்று புதிய பெயரைத் தட்டச்சு செய்தால் போதும். லினக்ஸ் கணினிகளில் இதே வேலை நெடுங்காலம் தலைவலியாக இருந்தது.

1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது லினக்ஸின் மையப் பகுதியை மட்டுமே. அதைச் சுற்றி டெபியன், ரெட் ஹேட், சூசே எனப் பல குழுக்கள் தத்தம் இயங்குதளங்களை உருவாக்கின. கணினியின் பெயரை எங்கே எழுதி வைப்பது என்பதில்கூட அவை ஒத்துப்போகவில்லை. டெபியன் ‘ஹோஸ்ட்நேம்’ என்ற கோப்பில் எழுதியது, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில். சூசேயிலும் அதே பெயர்தான், ஆனால் பெரிய எழுத்துகளில். லினக்ஸுக்கு இவை இரண்டும் வெவ்வேறு கோப்புகள்! ரெட் ஹேட்டோ வலையமைப்புக் கோப்பு ஒன்றுக்குள் அதை ஒரு வரியாகச் சேர்த்தது.

பெயருக்கே இந்தப் பாடு. மற்ற அமைப்புகளுக்கு? பயனர் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட 7 விவரங்கள். வன்தட்டுப் பட்டியலில் இடைவெளியால் பிரிக்கப்பட்ட 6 விவரங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் தனி இலக்கணம்.

இவை அனைத்தையும் ஒரே இடத்திலிருந்து மாற்றும் கருவியை நீங்கள் திட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம். அழகான திரையை வடிவமைப்பது சிரமமில்லை. சூசேயின் யாஸ்ட், 1997இல் வந்த வெப்மின் போன்றவை அதைச் செய்துகாட்டின. சிக்கல் வேறு இடத்தில். அனுபவசாலிகள் கோப்புகளைக் கையாலேயே திருத்துவார்கள். ‘இதை ஏன் மாற்றினேன்’ என்று # குறியிட்டுக் குறிப்பும் எழுதுவார்கள். கருவி கோப்பைப் புதிதாக எழுதினால் அவை அழிந்துவிடும். உங்கள் குறிப்பேட்டை நண்பர் அழகாகப் படியெடுத்துத் தந்து, ஓரக் குறிப்புகளை விட்டுவிட்டால் எப்படி இருக்கும்?

விண்டோஸின் ‘ரெஜிஸ்ட்ரி’ போல எல்லாவற்றையும் ஒரே சேமிப்பில் வைத்துவிடலாமே என்று தோன்றும். 2004இல் தொடங்கிய எலெக்ட்ரா திட்டம், அமைப்புகள் அனைத்தையும் ஒரே மரமாக அடுக்க முயன்றது. ஆனால், அதன் பலன் முழுமையாகக் கிடைக்க ஒவ்வொரு மென்பொருளை எழுதியவரும் தம் நிரலை மாற்ற வேண்டும். தன்னார்வலர்கள் நிறைந்த உலகில் யார் யாருக்குக் கட்டளையிட முடியும்?

எனக்குப் பிடித்தது ஆஜியஸ் என்ற கருவியின் வழி. கோப்புகளை அது இடம்மாற்றுவதில்லை. ஒவ்வொரு கோப்பு வகைக்கும் ‘லென்ஸ்’ எனப்படும் ஒரு விதித் தொகுப்பு உண்டு. அதன்வழி பார்த்தால் கோப்பு ஒரு மரமாகத் தெரியும். மரத்தில் ஒரு கிளையை மாற்றினால் கோப்பில் அந்த இடம் மட்டும் மாறும். குறிப்புகளும் இடைவெளிகளும் அப்படியே இருக்கும்.

பாதுகாப்பையும் மறந்துவிடாதீர்கள். நிர்வாகி உரிமையைத் தீர்மானிக்கும் ‘சூடோயர்ஸ்’ கோப்பில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் நிர்வாகியே வெளியே நிற்க நேரிடலாம். அதனால்தான் அதைத் திருத்துவதற்கென்றே உள்ள ‘விசூடோ’, இலக்கணத்தைச் சரிபார்த்த பிறகே கோப்பைச் சேமிக்கிறது.

கணினிப் பெயரின் கதை என்னவாயிற்று? 2010இல் வெளிவந்த சிஸ்டம்டி மென்பொருள், டெபியனின் சிறிய எழுத்துக் கோப்பையே பொது இடமாக ஏற்றது. மற்ற குழுக்களும் படிப்படியாக அதற்கு வந்து சேர்ந்தன. வலையமைப்பு விவரங்களில் அந்த உடன்பாடு இன்னும் இல்லை. உபுண்டு சர்வரில் அவற்றை ‘நெட்பிளான்’ கோப்பில் எழுத வேண்டும். ஃபெடோராவில் அது வேறோர் இடத்தில், வேறு வடிவத்தில் இருக்கிறது.