பத்து நிமிஷம்... ஒரு கிலோ சர்க்கரை!

'ஆரோக்கியமான உணவு' என்று ஆபீஸில் யாராவது பேச எழுந்தால் போதும்... மூன்று கோஷ்டிகள் உடனே உருவாகிவிடும். முதல் கோஷ்டி, 'எல்லாம் தெரிஞ்சதுதான்' என்று செல்போனுக்குள் தலையை விட்டுக்கொள்ளும். இரண்டாவது கோஷ்டி, 'எங்க தாத்தா நெய்யிலயே குளிச்சார், தொண்ணூறு வயசு வரைக்கும் ஜம்முனு இருந்தார்' என்று தாத்தா புராணம் பாடும். மூன்றாவது கோஷ்டி பேச்சாளரைப் பார்க்கவே பார்க்காது. கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். சமோசா தட்டு எப்போ வரும்?

இந்த மூன்று கோஷ்டிக்கும் சேர்த்து பத்து நிமிஷம் பேசுகிற பாக்கியம் அடியேனுக்குக் கிடைத்தது. நான் டாக்டர் இல்லை, டயட்டீஷியனும் இல்லை. கிண்டி பக்கம் ஒரு கம்பெனியில், பர்ச்சேஸ் பிரிவில் பில் சரிபார்க்கிற ஆள்.

எல்லாம் அந்த சமோசா நியூஸால் வந்த வினை! 2025 ஜூன் மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் மற்ற துறைகளுக்கெல்லாம் ஒரு கடிதம் அனுப்பியது. சாப்பிடும் பண்டங்களில் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு சர்க்கரை ஒளிந்திருக்கிறது என்று காட்டும் போர்டுகளை ஆபீஸ்களில் வையுங்கள் என்பதுதான் விஷயம். ஜூலையில் அது வெளியே வந்தபோது, 'சமோசா, ஜிலேபிக்கு சிகரெட் மாதிரி எச்சரிக்கை!' என்று திரிந்து, ஊரே சிரித்தது. 'கடைக்காரர்களுக்கு அப்படி எந்த உத்தரவும் இல்லை. வேலை பார்க்கும் இடங்களுக்கான யோசனை மட்டும்தான்' என்று அரசு விளக்கம் கொடுத்தது.

எங்கள் மேனேஜர் இதைப் படித்துவிட்டார். "நம்ம பேன்ட்ரியிலயும் போர்டு வெச்சிடலாம். அதுக்கு முன்னாடி யாராவது ஒரு பத்து நிமிஷம் பேசினா நல்லாருக்கும்..." என்று சுற்றுமுற்றும் பார்த்தார். மொத்த ஆபீஸும் கீபோர்டில் எதையோ தேடியது. என் சீட் அவருக்கு நேர் எதிரே. வேறென்ன சொல்ல!

பேச்சுக்கு முதல் நாள் சாயந்திரம், அக்கவுண்ட்ஸ் நண்பர் ஒருவர் பைக் ஸ்டாண்டில் ஓரமாகக் கூப்பிட்டார். வயசு 31. (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.)

"போன மாசம் மெடிக்கல் கேம்ப் நடந்துச்சில்ல... எனக்கு சுகர்னு சொல்லிட்டாங்க. டாக்டரைப் பார்த்து மாத்திரை ஆரம்பிச்சாச்சு."

"அட, எங்ககிட்ட சொல்லவே இல்லையே?"

"எப்படிச் சொல்றது? வீட்ல பொண்ணு பார்த்துக்கிட்டிருக்காங்க. டீ வேணாம்னு ஒரு தடவை சொன்னேன். 'என்ன மாப்ளே, இந்த வயசுலயே சுகரா?'ன்னு ஒருத்தன் கத்தினான். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அன்னிலேருந்து பேசாம வாங்கிக் குடிச்சிடறேன்."

மாத்திரையும் போட்டுக்கொண்டு, கேலிக்குப் பயந்து ஒரு நாளைக்கு ரெண்டு வேளை சர்க்கரை டீயும் குடிக்கிற மனுஷன்! அந்த நிமிஷமே முடிவு பண்ணினேன். நாளைய பேச்சு இவருக்காக. ஆனால், இவர் பேரோ, வியாதியோ வாயில் வரக் கூடாது.

இவர் ஒண்டி ஆள் இல்லை என்பதுதான் கொடுமை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையில் இருக்கும் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய ஆய்வின் கணக்கு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு சர்க்கரை நோய். இன்னும் 13 கோடிக்கும் மேல் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மதியம் மூன்றரை மணி. நான் மேஜை மேல் ஒரு பொருளை வைத்தேன். ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்! செல்போன் கோஷ்டி நிமிர்ந்தது.

"சார், நம்ம ஆபீஸ்ல 40 பேர். மாசத்துக்கு 20 கிலோ சர்க்கரை வாங்கறோம். பில் என்கிட்டதான் வருது. தலைக்கு அரை கிலோ. அது ஆபீஸ்ல குடிக்கிற ரெண்டு டீக்கு மட்டும். காலையில வீட்ல ஒண்ணு, சாயந்திரம் கடையில ஒண்ணு சேர்த்துக்குங்க. நாலு டீ, எட்டு ஸ்பூன், ஒரு நாளைக்கு 40 கிராம். 25 நாளைக்கு இதோ... இந்தப் பாக்கெட்! பிஸ்கட், கூல்டிரிங்க்ஸ், பர்த்டே கேக் எதுவும் இதுல சேராது."

சிரிப்பு நின்றது. பாக்கெட்டை ஒவ்வொருத்தர் கையாக அனுப்பினேன். கையில் கனம் தெரிந்தால் புள்ளிவிவரம் தானாகப் புரியும்!

உலக சுகாதார நிறுவனம், கூடுதலாகச் சேர்க்கிற சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் ஆறு டீஸ்பூனுக்குள் வைத்துக்கொண்டால் ரொம்ப நல்லது என்கிறது. நம் ஊர் டீயே அந்தக் கோட்டாவைத் தாண்டிவிடுகிறது.

உடனே ஒரு கை உயர்ந்தது. "நாட்டுச் சர்க்கரை போட்டுக்கிட்டா பரவாயில்லையா?"

"கலர் மாறும் சார். ரத்தத்துல ஏறுற விஷயத்துல ரெண்டும் அண்ணன் தம்பிதான்."

அடுத்து சாப்பாட்டுத் தட்டு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு தட்டின் படம் இருக்கிறது. அதில் பாதி இடம் காய்கறிக்கும் பழத்துக்கும். நம் டிபன்பாக்ஸில்? முக்கால் டப்பா எலுமிச்சை சாதம். மீதிக் கால் டப்பா உருளைக்கிழங்கு வறுவல். மாவுக்கு மாவே துணை!

"மேன்ஷன்ல தங்கி மெஸ்ல சாப்பிடறவன் என்ன சார் பண்ணுவான்?" என்றது ஒரு பேச்சிலர் குரல். நியாயமான கேள்வி. நான் சொன்னது இதுதான். "மெஸ்ல ரெண்டாவது தடவை சாதம் கேட்கறதுக்கு முன்னாடி, ரெண்டாவது தடவை பொரியல் கேளுங்க. முதல்ல காய், கூட்டு, பருப்பு, முட்டை. அப்புறம் சாதம். அந்த வரிசையில சாப்பிட்டா சர்க்கரை குப்புனு ஏறாது. சாப்பிட்டதும் சீட்டுக்கு ஓடாம பத்து நிமிஷம் நடங்க."

தாத்தா கோஷ்டி விடவில்லை. "எங்க தாத்தா நெய்..." "தாத்தா நெய் சாப்பிட்டார். வயக்காட்டுக்கு நடந்தே போனார், நடந்தே வந்தார். நாம முதல் மாடிக்கு லிஃப்டுக்காக நிக்கறோம்!" கைத்தட்டல்.

கடைசியாக ஒரு கயிறு வித்தை சொன்னேன். உங்கள் உயரத்துக்கு ஒரு கயிறு எடுங்கள். அதைப் பாதியாக மடித்து, தொப்புள் இருக்கும் மட்டத்தில் வயிற்றைச் சுற்றுங்கள். எக்கக் கூடாது! சுற்று முழுசாகச் சேர்ந்தால் சந்தோஷம். சேராமல் இடைவெளி விட்டால் வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்று அர்த்தம். டேப் வைத்து அளந்தால் நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை. 'இதை வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு செய்யவும்' என்று கறாராகச் சொல்லிவிட்டேன். பொது இடத்தில் ஒருத்தர் தொப்பையை இன்னொருத்தர் அளந்தால், அதோடு ஆரோக்கியப் பேச்சு செத்தது.

சுகர் டெஸ்ட் பற்றியும் ரெண்டே வரி. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 100 முதல் 125 வரை வாசற்படி. 126-ம் அதற்கு மேலும் வந்தால் உடனே டாக்டரிடம் போய் உறுதி செய்துகொள்ள வேண்டும். "யாருக்கு வந்தாலும் அது கேலி பண்ற சமாசாரம் இல்லை. கண்ணாடி போடற மாதிரி. கவனிச்சா வண்டி ஓடும், கவனிக்காம விட்டா கண்ணு, கிட்னி, கால்னு ஒவ்வொண்ணா கேட்கும்." சொல்லும்போது அக்கவுண்ட்ஸ் பக்கம் பார்வை போகாமல் பார்த்துக்கொண்டேன்.

முடிவில் ஒரே ஒரு கோரிக்கை. ஒன்பது கோரிக்கை வைத்தால் ஒன்றுகூட நடக்காது என்பது பர்ச்சேஸ் அனுபவம்! "டீயில சர்க்கரையைக் கலந்து கொண்டுவர வேண்டாம். தனியா ஒரு டப்பாவுல வெச்சிடுங்க. வேணுங்கறவங்க வேணுங்கற அளவு போட்டுக்கட்டும்."

டீ கொண்டுவரும் அண்ணன் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கும் வேலை மிச்சம் தம்பி" என்றார். தீர்மானம் நிறைவேறியது. அன்றைக்கு சமோசாவுக்குப் பதில் தேங்காய், மாங்காய் போட்ட கொண்டைக்கடலை சுண்டல். மூன்றாவது கோஷ்டியின் முகம் ஒரு நிமிஷம் வாடியது, உண்மைதான். ஆனால் தட்டு காலி!

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு சர்க்கரை இல்லாத டீ வந்தது. பக்கத்தில் டப்பாவும் ஸ்பூனும். சிலர் ரெண்டு ஸ்பூன், சிலர் அரை. அக்கவுண்ட்ஸ் நண்பர் டம்ளரை எடுத்தார். டப்பாவைத் தொடாமல் சீட்டுக்குப் போனார். ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரோடு இன்னும் ஏழெட்டுப் பேர் அப்படித்தானே போகிறார்கள், யார் எதற்கு என்று எவனுக்குத் தெரியும்! அடுத்த மாத பில்லில் சர்க்கரை 13 கிலோ.

உங்கள் மேனேஜரும் ஒருநாள் இப்படிச் சுற்றுமுற்றும் பார்க்கலாம். அப்போது மாட்டிக்கொண்டால் இதை மட்டும் ஞாபகம் வையுங்கள். பத்து நிமிஷம் தாண்டாதீர்கள். உங்கள் ஆபீஸ் டீயையும் டிபன்பாக்ஸையும் வைத்தே பேசுங்கள். யாரையும் உதாரணம் காட்டாதீர்கள், முக்கியமாகக் குண்டாக இருப்பவர்களை. கேட்பது ஒன்றே ஒன்றாக, திங்கட்கிழமையே நடக்கக்கூடியதாக இருக்கட்டும்.

எங்கள் பேன்ட்ரியில் போர்டும் வந்துவிட்டது. அதன் கீழே யாரோ பென்சிலில் எழுதியிருக்கிறார்கள்: 'சுண்டல் வெள்ளிக்கிழமை மட்டும்தானா?' கையெழுத்து அந்த மூன்றாவது கோஷ்டியுடையது மாதிரிதான் தெரிகிறது!