அயலார் போரில் நடுநிலை நாடு



சென்னையிலிருந்து மேற்கே செல்லும் இருப்புப்பாதையில், அம்பத்தூரைத் தாண்டி வரும் ஆவடி, இன்று டாங்கித் தொழிற்சாலையால் பெயர் பெற்று விளங்குகிறது. அத்தொழிற்சாலை ஏற்பட்டது 1961-ஆம் ஆண்டில். அதற்கு முன்பே, இரண்டாவது உலகப் போரின்போது, அவ்வூர் ஒரு படைத்தளமாக ஆக்கப்பட்டிருந்தது. அங்கே ஏர் பிடித்தவர்களுக்கு ஜெர்மனியோடு என்ன பகை? ஜப்பானியரோடுதான் என்ன வழக்கு? 1939 செப்டம்பர் 3-ஆம் நாள், வைசிராய் லின்லித்கோ பிரபு, நம் தலைவர்களைக் கலந்து கொள்ளாமலே, இந்தியா போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். அதைக் கண்டித்து ராஜாஜியின் மந்திரிசபை அக்டோபரில் பதவி துறந்தது. போரோ நிற்கவில்லை, 1942 ஏப்ரலில் சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை உடையவனே நடுநிலைமை வகிக்க முடியும். அவ்வுரிமை அன்று நமக்கு இல்லை.

உரிமை வந்தபின் நிகழ்ந்தது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நடுநிலைமை என்பதற்குச் சர்வதேசச் சட்டத்தில் கட்டுத்திட்டமான பொருள் உண்டு. 1907-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தங்கள், நடுநிலை நாட்டின் மண் வழியே போரிடுவோர் படை நடத்திச் செல்லலாகாது என்கின்றன. சட்டம் இருந்தென்ன? 1914 ஆகஸ்டில் ஜெர்மனி பெல்ஜியத்திடம் வழி கேட்டது, பெல்ஜியம் மறுத்தது, மறுத்ததும் தாக்கப்பட்டது. சுதந்திர இந்தியா மேற்கொண்ட கொள்கையோ இதனின்றும் வேறானது. எந்த முகாமிலும் சேராதிருத்தல், ஆனால் ஒவ்வொரு விவகாரத்திலும் நியாயம் இன்னதென்று தன் கருத்தைச் சொல்லுதல் என்பது நேரு வகுத்த வழி. கருத்துச் சொல்பவனிடம் உலகம் அடுத்து உதவியையும் எதிர்பார்க்கும். கொரியாவில் நாம் கண்டது அதுவே.

1950 ஜூன் 25-ஆம் நாள் வடகொரியப் படைகள் தெற்கே பாய்ந்தன. அப்போது இந்தியா பாதுகாப்புக் கவுன்சிலில் அங்கம் வகித்தது. தாக்கியது வடகொரியாவே என்ற தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்தது. அமெரிக்கத் தலைமையில் கூட்டுப்படை அமைக்கும் தீர்மானம் வந்தபோது வாக்களிக்காமல் விலகி நின்றது. படை அனுப்ப இயலாது என்றும் கூறிவிட்டது. ஆயினும், குற்றவாளி இன்னார் என்று தீர்ப்புச் சொன்னபின், அடிபட்டவனுக்கு மருந்திடவும் வரமாட்டேன் என்பது எப்படி? ஆகவே ஒரு மருத்துவப் படை புறப்பட்டது.

அது 60-ஆவது பாராசூட் மருத்துவப் படைப்பிரிவு. தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ், ஆர்க்காட்டைத் தம் பெயரின் முதலெழுத்தாகத் தாங்கியவர். நவம்பரில் அவர்கள் போய்ச் சேர்ந்த சில நாட்களுக்கெல்லாம் சீனப் படைகளின் பெருந்தாக்குதல் தொடங்கியது. பியாங்யாங்கிலிருந்து பின்வாங்கும்படி உத்தரவு வந்தபோது, சாமான்களை ஏற்றிச் செல்ல வண்டி இல்லை. மருத்துவச் சாமான்களை விட்டுப் போக அவர்களுக்கு மனம் வரவில்லை. கைவிடப்பட்ட பழைய நீராவி எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்தனர். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினர். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர் தம்முள்ளே இருக்க, பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன் அக்கரை சேர்ந்தனர். 1951 மார்ச்சில் அமெரிக்கப் பாராசூட் வீரர்களோடு ரங்கராஜும் சிறு குழு ஒன்றும் முன்சான்னியில் குதித்தனர். அவர்கள் குதித்தது காயமுற்றோரைக் காக்கத்தான். ஆனால் வானிலிருந்து அவர்கள் இறங்குவதைக் கீழே நின்று கண்டவனுக்கு, மருத்துவன் யார், போர்வீரன் யார் என்று தெரிந்திருக்குமா? சண்டைக்கு இவ்வளவு அருகே செல்லும் நடுநிலைமையைப் பற்றி நான் வியப்பும் அச்சமும் ஒருங்கே கொள்கிறேன்.

சொல்லைக் கேட்காதவர்களும் உதவியைக் கேட்டார்கள். 38-ஆவது அட்சரேகையைக் கடந்து அமெரிக்கர் வந்தால் சீனா போரில் இறங்கும் என்று, 1950 அக்டோபர் தொடக்கத்தில் ஒரு நள்ளிரவில், சூ என்-லாய் நம் தூதர் கே. எம். பணிக்கரை அழைத்துக் கூறினார். அச்செய்தியை நாம் அமெரிக்காவுக்குச் சேர்ப்பித்தோம், அவர்கள் பொருட்படுத்தவில்லை. ஆயினும் பின்னர், தாய்நாடு திரும்ப விரும்பாத கைதிகளை என்ன செய்வது என்பதில் சமரசப் பேச்சு முட்டிக்கொண்டு நின்றபோது, கிருஷ்ண மேனன் ஐக்கிய நாட்டுச் சபையில் கொண்டுவந்த தீர்மானமே 1952 டிசம்பரில் நிறைவேறியது. யோசனை சொன்னவனே அதை நடத்தியும் கொடுக்க வேண்டியதாயிற்று. 1953 ஜூலை 27-இல் போர் ஓய்ந்ததும், ஐந்து நடுநிலை நாடுகளின் கமிஷனுக்கு ஜெனரல் திம்மையா தலைவரானார். ஜெனரல் தோரட்டின் கீழ் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நம் வீரர்கள் காவலுக்குச் சென்றனர்.

தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ அவர்களைத் தம் மண்ணில் கால் வைக்க விடவில்லை. கப்பலிலிருந்து ஹெலிகாப்டர் மூலமே அவர்கள் படைகள் விலக்கப்பட்ட பகுதிக்குப் போய்ச் சேர்ந்தனர். இருபத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள். கல்லெறியும் கலகமும் மலிந்த கொட்டடிகள். அக்டோபர் தொடக்கத்தில் கலகத்தை அடக்க நம் வீரர்கள் சுட்டதில் கைதிகள் சிலர் மாண்டனர். போரில் ஒரு குண்டும் சுடுவதில்லை என்று உறுதி பூண்ட நாடு, போர் முடிந்தபின் சுட நேர்ந்தது! வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எனினும் மாண்டவர் மாண்டவரே.

1954 ஜனவரியில், எஞ்சிய கைதிகளை அவரவரைப் பிடித்தவர்களிடமே திம்மையா திருப்பி ஒப்படைத்தார். இரு தரப்பாரும் குறை கூறினர். இரு கொரியாவும் வேண்டா, சீனமும் வேண்டா, நடுநிலை நாடொன்றே வேண்டும் என்ற 88 பேர் மட்டும் எஞ்சினர். அவர்களை எங்கே விடுவது? நம் வீரர்கள் ஏறிய கப்பலிலேயே அவர்களும் ஏறினர். பிப்ரவரியில் அக்கப்பல் சென்னைத் துறைமுகத்தை அடைந்தது. பெரும்பாலோர் கொரியர், பன்னிருவர் சீனர். இங்கிருந்து அவர்கள் டில்லிக்கு அழைத்துச் செல்லப்பட்டனர்.

அடுத்த ஜனவரியில், பழைய படைத்தளமாகிய அதே ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடிச் சோஷலிச மாதிரிச் சமுதாயத்துக்குத் தீர்மானம் செய்தது. அப்போதும் அவர்களில் பெரும்பாலோர் இந்தியாவில்தான், தங்களை ஏற்கும் தேசத்தை எதிர்நோக்கிக் காத்திருந்தனர். 1956-இல் பலர் பிரேசிலுக்குக் குடியேறினர். வேறு சிலர் அர்ஜென்டினாவுக்குப் போயினர். சிற்சிலர் எங்கும் போகாமல் இந்தியாவிலேயே தங்கிவிட்டனர்.