முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றத் தெரிந்த பெரியவர்கள் கோவையை அடுத்த சூலூர்ப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். மூட்டைகளை அடுக்கி முடித்ததும் வண்டிக்காரர் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். கனத்தால் முன்பாரம், மாட்டின் கழுத்து புண்ணாகிவிடும். நுகம் தானாக மேலே எழும்பினால் பின்பாரம். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். நுகம் கழுத்தில் லேசாக உட்கார வேண்டும், ஆனால் உட்கார்ந்தே தீரவேண்டும். அதற்காக ஒரு மூட்டையை ஒரு சாண் முன்னே தள்ளிவிட்டு மறுபடி தூக்கிப் பார்ப்பார். ஒரு காரின் பின்னால் இன்னொரு காரை டிரெய்லரில் ஏற்றி இழுத்துப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய அறிவியலின் பெரும்பகுதி அந்தத் தூக்கிப் பார்த்தலிலேயே இருக்கிறது.

கையால் கட்டிய சின்னக் கார்கள் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சூலூரை அடுத்த கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு 1952-இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான். அரசு உரிமம் கிடைக்காததால் அது தெருவுக்கு வராமலே நின்றுபோனது. பிறகு கோவையின் கரிவர்தன், மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். 1995-இல் அவர் மறைந்தார். அவர் பெயரில் 2003-இல் செட்டிபாளையத்தில் 2.1 கி.மீ. நீளப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. நாடெங்குமுள்ள பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு ஃபார்முலா பாரத் போட்டிக்கு அங்கே வருகிறார்கள்.

இந்தக் கார்களுக்கு நம்பர் பிளேட் கிடையாது. பதிவில்லாத மோட்டார் வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. பட்டறைக்கும் பந்தயத் தடத்துக்கும் நடுவில் இருப்பதோ பொதுச் சாலை. எனவே கார் இன்னொரு வண்டியின் முதுகிலோ வாலிலோதான் போயாக வேண்டும். முதுகில் என்றால் லாரி. பெரும்பாலோர் அப்படித்தான் போகிறார்கள், கவலையும் குறைவு. வாலில் என்றால் டிரெய்லர். நம் சட்டத்தின் கண்ணில் டிரெய்லரும் ஒரு வண்டி. அதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும், அதன் எண் அதன் மேல் இருக்க வேண்டும், இழுக்கும் வண்டியின் எண்ணும் அதன் பின்புறம் தெரிய வேண்டும். பட்டறையில் வெல்டிங் வைத்து, பதியாமல் சாலைக்குக் கொண்டுவரும் டிரெய்லர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சட்டப்படி செல்லாது. இழுக்கும் கார் எவ்வளவு எடை வரை இழுக்கலாம் என்பதை அதன் கையேட்டில் பார்க்க வேண்டும். அங்கே எதுவும் சொல்லவில்லை என்றால் அந்தக் காரால் இழுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

சரி, டிரெய்லர் ஏன் ஆடுகிறது? நெடுஞ்சாலையில் ஒரு லாரி நம்மைக் கடந்து போகும்போது காற்று தள்ளுகிறது. டிரெய்லரின் வால் ஒரு பக்கம் விலகுகிறது. டயர்கள் அதை நேராக்கப் பார்க்கின்றன. அது நடுவைத் தாண்டி மறுபக்கம் போகிறது. மெதுவாகப் போனால் இந்த ஆட்டம் இரண்டு மூன்று வீச்சில் அடங்கிவிடும். அடக்குவது டயரின் பக்கவாட்டுப் பிடிமானம். அந்தப் பிடிமானம், டயர் எவ்வளவு கோணத்தில் சறுக்கி உருளுகிறது என்பதைப் பொறுத்தது. வால் பக்கவாட்டில் வீசும் வேகத்தை வண்டி முன்னே போகும் வேகத்தோடு ஒப்பிட்டால் அந்தக் கோணம் கிடைக்கும். முன்வேகம் இரண்டு மடங்கானால், அதே வீச்சுக்குக் கோணம் பாதியாகிவிடும். அடக்கும் விசையும் பாதியாகும். இப்படி வேகம் ஏற ஏற அடக்கும் சக்தி தேய்ந்து, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஆட்டம் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. அதைத் தாண்டினால் ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகும். பாம்பு நெளிவதுபோல் டிரெய்லர் நெளிந்து முன்வண்டியின் பின்புறத்தையும் பிடித்து ஆட்டும். 70-இல் சாதுவாக வந்த டிரெய்லர் 90-இல் வெறிபிடித்ததுபோல் ஆடுவதற்குக் காரணம் இதுதான். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அது உயிருக்கே ஆபத்து. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வண்டி தானாக வேகம் இழக்க விட வேண்டும்.

அந்த ஆபத்தான வேகம் எங்கே வரும் என்பதைத் தீர்மானிப்பதில் பாரம் உட்காரும் இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பின்பாரமாக இருந்தால் அது தாழ்ந்து, நாம் அன்றாடம் போகும் வேகத்துக்குள்ளேயே வந்துவிடும். கனமானவை அச்சுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஸ்டெப்னியை அச்சிலிருந்து ஒரு மீட்டரில் வைப்பதற்குப் பதில் இரண்டு மீட்டர் தள்ளி வாலில் கட்டினால், ஆட்டத்தை நிறுத்த விடாமல் அது காட்டும் மந்தம் நான்கு மடங்காகும்.

பந்தயக் காரில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. ஒற்றை இருக்கைக் கார்களில் இன்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பார்க்க அழகாக இருக்கிறதென்று மூக்கை முன்னே வைத்து ஏற்றினால் கனமெல்லாம் டிரெய்லரின் வாலுக்குப் போய்விடும். ஒன்று, பின்பக்கமாக ஏற்ற வேண்டும். அல்லது காரை நன்றாக முன்னே தள்ளி நிறுத்த வேண்டும். கார் 450 கிலோ, டிரெய்லர் 250 கிலோ, கொக்கியிலிருந்து அச்சு மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 700 கிலோவில் ஏறத்தாழ 7 சதவீதம், அதாவது 50 கிலோ, கொக்கியின் மேல் இறங்கினால் நல்லது. காரை வெறும் 10 செ.மீ. முன்னே நகர்த்தினால் கொக்கியில் 15 கிலோ கூடுகிறது. வீட்டில் எடை பார்க்கும் மிஷின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, டிரெய்லரைச் சமமாக நிறுத்தி, கொக்கி முனையை அதன் மேல் இறக்கினால் கணக்கு கண்ணுக்குத் தெரியும். நுகத்தடியைத் தூக்கிப் பார்ப்பதும் இதுவும் ஒரே சோதனைதான்.

கயிறு கட்டி இழுப்பது வேறு விஷயம். பழுதான வண்டியைப் பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டுபோவது போன்ற தேவைக்குத்தான் விதிகள் அதை அனுமதிக்கின்றன. இழுபடும் வண்டியில் உரிமம் உள்ளவர் உட்கார வேண்டும், இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, பின்னால் 'ஆன் டோ' என்ற ஆங்கில அறிவிப்பு வெள்ளையில் கறுப்பாகத் தெரிய வேண்டும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பின்வண்டியில் உட்காருகிறவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். பிறகு பெடல் கல்லாக இருக்கும். பிரேக் பிடிக்கும், ஆனால் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். ஸ்டீயரிங்கும் கனக்கும். சாவியை எடுத்துவிட்டால் அது பூட்டிக்கொள்ளும்.

பிரிட்டன் போன்ற நாடுகளில் சின்னக் கார்களை முக்கோணச் சட்டகம் ஒன்றால் முன்வண்டியோடு பிணைத்து, நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போவார்கள். ஸ்டீயரிங்கை யாரும் தொடமாட்டார்கள். முன்சக்கரங்கள் தாமே திரும்பும்! சக்கரம் திரும்புகிற அச்சுக்கோடு, டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் தரையைச் சந்திக்கிறது. அதனால் டயர் எப்போதும் அந்தக் கோட்டின் பின்னால் இழுபட்டே வருகிறது. ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் குட்டிச் சக்கரம் போகிற திசைக்குத் தானே திரும்பிக்கொள்வதும் இப்படித்தான். ரிவர்ஸ் எடுத்தால் அதே காரணத்தால் சக்கரம் மடங்கிக்கொள்ளும். நம் ஊரில் ஓடக்கூடிய காரை இப்படி இழுத்துப் போக விதியில் இடமில்லை.

சூலூரிலிருந்து செட்டிபாளையத்துக்குக் கிளம்புகிறவர்கள் பாப்பம்பட்டி தாண்டும் முன் ஓரமாக ஒருமுறை நிறுத்துவது நல்லது. முதல் சில கிலோமீட்டரிலேயே டயரும் சஸ்பென்ஷனும் அமுங்கி, கட்டிய பட்டைகள் தளர்ந்திருக்கும்; அவற்றை மறுபடி இறுக்க வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டும் கொக்கியின் அடியில் பெருக்கல் குறிபோல் குறுக்காகப் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். கொக்கி கழன்றாலும் முனை தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். பிறகு டிரெய்லரின் இரண்டு சக்கரக் குடங்களின் அருகேயும் புறங்கையைக் கொண்டுபோக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அந்தப் பக்கத்து பேரிங்கைப் பார்க்காமல் அங்கிருந்து கிளம்பக் கூடாது.